நாங்கு மரத்தின் நடுக்கம்

உணர்பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பதினான்கு பேர் காப்புக்காட்டுக்குள் போனார்கள். ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல், ஒரு சருகைக்கூட வேண்டுமென்று மிதிக்காமல் நடந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது எல்லோர் முகத்திலும் ஏமாற்றம்.

"ஒண்ணுமே தெரியலயே மேடம். பட்டை வேலை செய்யுதா?" என்று ஒருவர் கேட்டார்.

"செய்யுது சார். காடு நிம்மதியா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள் வழிகாட்டி செண்பகவல்லி.

மரம் அடிபட்டால் அதன் வேரில் ஓடும் மெல்லிய மின்னோட்டம் மாறும். மண்ணில் புதைத்திருந்த வேர்மானிகள் அதைப் படித்து அனுப்ப, உணர்பட்டை அதை அணிந்தவரின் நெஞ்சில் வலியாக மாற்றித் தரும். ஆறு வருடங்களுக்கு முன் பட்டை வந்த புதிதில், கிளையை ஒடித்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். பிறகு திருந்தினார்கள். திருந்தியதுதான் வினையாகப் போயிற்று. காடு அமைதியானதும் பட்டையில் உணர்வதற்கு ஒன்றுமில்லை, வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு பருவம் முழுக்க ஆள் வராத காட்டைக் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று சட்டம் இருந்தது. அடிவாரத்தில் கல்குவாரிக்காரர்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

காட்டின் நிர்வாகி ராசாமணி செண்பகவல்லியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா செம்பகம், காலைல ஆளுக வர்றதுக்கு முன்னால, பெரிய நாங்கு மரத்துல பின்பக்கமா லேசா ஒரு கீறல் போடேன். ஒரு மரம் பொறுத்துக்கிட்டா மொத்தக் காடும் பிழைக்கும்லா."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீய?"

"வேற வழி இருந்தா நீயே சொல்லு."

மூன்று நாள் யோசித்தாள். வழி எதுவும் தோன்றவில்லை. நான்காம் நாள் கீறினாள்.

அன்றைக்கு வந்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். நாம் மிதித்ததால்தானே, நம் மூச்சுக் காற்றால்தானே என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அழுது முடித்தபின் மனம் லேசாகி, மலைச்சரிவில் இருந்த காப்புப் பண்ணைக்கு இறங்கி, அங்கே விளைந்த சிவப்பரிசிச் சோற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுத்த மாதத்துக்கான இடங்கள் இரண்டே நாளில் நிரம்பின.

தினம் தினம் அணிந்தால் இதயம் தாங்காது என்று வழிகாட்டிகளுக்குப் பட்டை கிடையாது. அதனால் அவள் கத்தியை வைத்தபோது மரம் என்ன உணர்ந்தது என்று அவளுக்கு மட்டும் தெரியவில்லை. பழைய கீறல்களில் பால் வடிந்து காய்ந்திருப்பதைத்தான் பார்த்தாள். நாற்பதாவது கீறலுக்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"இனி என்னால ஏலாது அண்ணாச்சி" என்றாள்.

ராசாமணி வற்புறுத்தவில்லை. "சரி, விட்டுரு" என்றார்.

மறுநாள் கீறவில்லை. ஆனால் முதல் வளைவிலேயே, நாங்கு மரம் கண்ணில் படுவதற்கு முன்பே, வந்தவர்கள் நெஞ்சைப் பிடித்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். இன்னொரு வழிகாட்டியான அந்தோணி கூட்டிப் போனார். அன்று காடு அமைதியாக இருந்ததாம்.

அவளுக்குள் ஏதோ உறுத்தியது. விடுமுறை நாளில் ஒரு பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு காட்டு வாசலில் நின்றாள். நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் தேங்கியிருப்பது போல இருந்தது. ஓர் அடி உள்ளே வைத்தாள். விலா எலும்புக்குக் கீழே சுருக்கென்றது. இன்னொரு அடி வைத்ததும் வலி தோள்வரை ஏறியது. பின்வாங்கி வெளியே வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கியது.

வேரோடு வேர் பின்னிக் கிடந்த காடு. கத்திக்கு முன்னால் வரும் காலடி யாருடையது என்று நாங்கு மரம் மற்ற மரங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தது.

ராசாமணியிடம் போய்ச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "அப்போ கத்தியே வேண்டாம். நீ முன்னால நடந்தாலே போதும்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் வளைவில் எல்லோரும் கண்கலங்கி நின்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த கௌசல்யா என்ற அம்மாள், "நாங்க அப்படி என்ன பண்ணினோமுங்க?" என்று விம்மினார்.

செண்பகவல்லியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் பண்ணினேன். அந்த மரத்த நாப்பது தடவ நான்தான் கத்தியால கீறினேன். காடு என்னக் கண்டுதான் நடுங்குது. நீங்க அழ வேண்டாம்."

கௌசல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

"எனக்கும் அப்படியேதானுங்க தோணுது. என்ற கையாலயே கீறின மாதிரி இருக்குது."

"எனக்கும்தான்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

"இல்லம்மா, நெசமாவே நான்தான்..."

"தெரியுதுங்க. தினமும் வர்ற உங்களுக்கே இப்படின்னா, நாங்கெல்லாம் எம்மாத்திரம்?" கௌசல்யா ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். "நீங்க முன்னால போங்க."

செண்பகவல்லி காலை எடுத்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.