பன்னிரண்டாவது உபயம்

பதினோராவது பொம்மையின் நகம் வளர்ந்திருந்தது.

டயானா ஈரத்துணியோடு குனிந்தபடியே நின்றாள். அது சுட்ட மண் பொம்மை, ஆள் உயரம். டிக்கெட் கொடுக்கும் பெண்போல இடது கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆள்காட்டி விரலில் ஓட்டுப் போட்ட மை. செய்தவர் மையைக்கூட விடவில்லையே என்று, வேலையில் சேர்ந்த முதல் நாளே அவள் வியந்திருக்கிறாள். அன்று அந்த மை நகத்தின் அடியில் இருந்தது. மூன்று வாரத்தில் ஒரு நெல் அகலம் மேலே ஏறிவிட்டது. அடியில் புதிதாக ஒரு வெளுத்த பிறை.

கை ஈரமாக இருந்ததால் போனை வாயருகே கொண்டுபோய்ப் பேசினாள். அது எழுதிக்கொண்டது. "எம்மா, இங்க ஒரு பொம்மைக்கு நகம் வளருது. சத்தியமா." மணப்பாட்டில் மீன் ஏலத்துக் கூச்சலில் அம்மாவுக்குப் போன் மணி கேட்காது. மதுரைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான்.

பதில் வந்தது. "கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? சோறு தின்னியா?"

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு நாலு தெரு தள்ளி இருந்த அந்தச் சின்னக் கலைக்கூடத்தில் எல்லாமே யாரோ கொடுத்ததுதான். ஃபேன் இறக்கையில், டியூப்லைட்டில், கூத்து மேடையின் திரையில், மைக்கில், தண்ணீர் கேன் மூடியில்கூட, 'உபயம்: இன்னார் குடும்பத்தார்' என்று சிவப்புப் பெயிண்ட். பொம்மைகளின் பீடங்களிலும் அப்படித்தான். சேர்ந்த அன்று நிர்வாகி அழகம்மாள் நீளநோட்டைத் திறந்து கேட்டார்: "ஊரு சேந்து தாங்குற எடம்மா இது. ஒங்க வீட்டு உபயம் என்ன?"

டயானா சிரித்துவிட்டாள். "எங்க வீட்ல குடுக்குறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன் மேடம்."

அழகம்மாள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு அப்பா பெயரைக் கேட்டார்.

இன்று மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டாவது பொம்மைக்குத் திறப்பு விழா, அடுத்து ஒயிலாட்டம். மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளை நீளநீளமாகத் தரையில் இழுத்துப் போட்டிருந்தது. மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. அந்த முனகலுக்கு அடியில், சூளையில் வெந்த மண்ணுக்கு ஒருபோதும் வராத ஒரு வாசனை, அப்போதுதான் பிசைந்த களிமண்ணின் குளிர்ந்த வாசனை, பொம்மைகளின் வரிசையிலிருந்து மெல்ல இறங்கி அவள் கணுக்கால்வரை வந்து நின்றது. பன்னிரண்டாவது பீடத்தில் பொம்மை இல்லை. பெயிண்டர் சங்கிலி மட்டும் அதன் முன்னால் சம்மணமிட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"பொம்ம எப்பண்ணே வரும்?"

"வந்துரும் வந்துரும்."

"எனக்கு முன்ன இங்க டிக்கெட் குடுத்தது யாரு?"

"தமிழ்வாணி. அவனியாவுரத்துப் புள்ள. என்னைய 'எழுத்துப்பிழ'ன்னுதேன் கூப்புடும். எம்புட்டு வாயிங்குற!"

"இப்ப எங்க இருக்காங்க?"

அவன் பிரஷ்ஷை டின் விளிம்பில் வழித்தான். "இங்கனதேன்."

டிக்கெட் மேசை இழுப்பறையின் அடியில் ஒரு பழைய அடையாள அட்டை கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். போய் எடுத்தாள். தமிழ்வாணி, த/பெ தங்கப்பாண்டி. படத்தில் சிரித்த முகம். மேலுதட்டில் மச்சம்.

பதினோராவது பொம்மையின் மேலுதட்டைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பீடத்தைப் பார்த்தாள். 'உபயம்: தங்கப்பாண்டி குடும்பத்தார், அவனியாபுரம்.'

போய்விட வேண்டும். மாட்டுத்தாவணிக்கு. கிடைக்கிற பஸ்ஸில்.

வாசலுக்குப் பன்னிரண்டாவது பீடத்தைத் தாண்டித்தான் வழி. சங்கிலி எழுந்து டின்னை மூடிக்கொண்டிருந்தான். எழுத்து இன்னும் காயவில்லை.

'உபயம்: தனிஸ்லாஸ் குடும்பத்தார், மணப்பாடு.'

அப்பாவின் பெயர்.

"பெழ இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா," என்றான் சங்கிலி.

அவள் ஓடினாள். ஓடியதாகத்தான் நினைத்தாள். கால் தரையைவிட்டு எழவில்லை. பாதம் குளிர்ந்தது. பிறகு முழங்கால். போனை வாயருகே தூக்கினாள்.

"எம்மா, நா ஊருக்கு வாரேன்."

நாக்கு சேறாகப் புரண்டது. திரையில் ஒரு வரி: சரியாகக் கேட்கவில்லை. மீண்டும் பேசவும்.

"எம்மா."

மீண்டும் பேசவும்.

அதன் மேல் அம்மாவின் செய்தி வந்து விழுந்தது. "நாங்க பஸ்ஸுல பாதி தூரம் வந்துட்டோம். மேடம் கூப்டாவ. உபயத்துல அப்பா பேரு போட்ருக்காவளாம். ஒங்கப்பாவ கையில புடிக்க முடியல."

சங்கிலி அவளைத் தூக்கினான். கனத்தது போலிருக்கிறது, முக்கினான். வெள்ளைத் துணி மேலே வந்து விழுந்தது.

இருட்டு. நாற்காலிகள் இழுபடும் சத்தம். மைக் இரைச்சல். மல்லிகை வாசனை. அழகம்மாளின் குரல்: "...குடும்பத்தாருக்கு நம்ம நன்றி."

துணி இறங்கியது.

கைதட்டல். அவள் கண் தாழ்ந்தபடி, போன் பிடித்த கையிலேயே நின்றுவிட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு பூப்போட்ட சேலை. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைச் சேலை.

"மாதாவே! அப்படியே நம்ம டயானா!"

"எம்பேர எம்புட்டுப் பெருசா எழுதியிருக்கான் பாரு," என்றது அப்பாவின் குரல். "அவ எங்க? அவளையும் நிப்பாட்டி ஒரு போட்டோ எடுப்போம். கூப்புடு."

அம்மா போனைக் காதில் வைத்தாள்.

மண் விரல்களுக்குள் போன் அதிர்ந்தது.

"பொம்ம கையில போனு நெசமாவே அடிக்குதுய்யா!" என்று யாரோ கத்த, கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. ஓரடி தூரத்தில் அம்மா மறுகாதைப் பொத்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். திரையில் 'அம்மா' என்ற பெயர் எரிந்து எரிந்து அணைந்தது.