முதலில் குழாய், அப்புறம் கதவு

சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் குழாய் ஓடாத நாள்தான் அதிசயம். ஆனால் சத்தம் சரியில்லை. வெறும் வாளியில் விழுகிற தண்ணீர் ஒரே சீராகக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் காதுக்கே பழகிவிடும். இது அப்படி இல்லாமல், குவளையில் மொண்டு ஊற்றுகிற மாதிரி, ஒரு உடம்பின் மேல் பட்டுச் சிதறித் தரையில் விழுகிற மாதிரி, நடுநடுவே யாரோ தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி, விட்டு விட்டுக் கேட்டது.

"வாண்டு, யாரு பெல் அடிச்சா?"

எட்டு வயது மகள் சாப்பாட்டு மேஜையில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "யாரும் அடிக்கலையேம்மா."

"அப்புறம் எதுக்குடி குழாயைத் திறந்துவிட்டே?"

"நான் திறக்கல. அப்பா குளிக்கிறாரு."

அவள் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, ஒரு காலில் ஷூவோடு, வாயைத் திறந்துகொண்டு அவள் புருஷன் கிடந்தான். பக்கத்தில் வேலைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க் உருண்டிருந்தது. அதில் டீ இருந்து வருஷக்கணக்காகிறது. அறை முழுக்க மது வாடை, அதற்கு மேல் புதினா வாடை. வாய் கொப்பளிக்கிற அந்த மருந்தைத் தான் வேலை பார்க்கும் பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்து அவளேதான் எடுத்து வந்து கொடுக்கிறாள்.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. குழாய் மூடியிருந்தது. சோப்பில் நுரை இன்னும் அடங்கவில்லை. துண்டு சொதசொதவென்று ஈரம். குளியலறை வாசலில் தொடங்கிய ஈரக் காலடிகள் ஹாலைத் தாண்டி மேஜை வரை போய், மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

இதை ஆரம்பித்து வைத்தவளே அவள்தான், யாரைக் குறை சொல்ல? புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவனுடைய சூப்பர்வைசர் நேரிலேயே வந்து நின்றுவிட்டார். இவனோ எழுப்பினாலும் எழுகிற நிலையில் இல்லை. அவள் என்ன செய்தாள்? ஓடிப்போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள், கதவை இழுத்துச் சாத்தினாள், அப்புறம் வாசல் கதவைத் திறந்து சிரித்தாள்.

"குளிச்சிட்டிருக்கார் சார். வந்ததும் போன் பண்ணச் சொல்றேன்."

கிளினிக் ரிசப்ஷனில் உட்கார்ந்து, டாக்டர் வீட்டை விட்டே கிளம்பாதபோது, "உள்ள பேஷன்ட் இருக்காங்க, அஞ்சே நிமிஷம்" என்று தேன் ஒழுகச் சொல்லிப் பழகிய வாய். பிசிறே தட்டவில்லை. அந்த மனிதரும் சட்டென்று போகவில்லை. குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஏதாவது பிரச்னைன்னா சொல்லுங்கம்மா. வைத்தியத்துக்குக் கம்பெனியிலேயே வழி இருக்கு," என்றார். அவள் இன்னும் அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அதோடு விட்டாளா? மகளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தாள்: பெல் அடிச்சா முதல்ல குழாய், அப்புறம் கதவு. குழந்தை கைதட்டிச் சிரித்தது. அன்றைக்கே அவள் நாக்கு அழுகிப் போயிருக்கக் கூடாதா!

அவள் மேஜைக்கு வந்து மகளின் நோட்டைப் பார்த்தாள். கணக்கெல்லாம் சரி. பக்கங்களின் ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது.

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"குளிக்கிற அப்பா."

"எந்த அப்பாடி?"

"நீதானேம்மா சொல்வே, குளிக்கிறாருன்னு? அவருதான். தூங்குற அப்பா வேற. இவரு கத்தவே மாட்டாரு. கைதான் சில்லுன்னு இருக்கும். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும், பாவம்."

அன்றைக்கே மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியேறியிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்திருந்தது. காலையில் சமையலறையில் நிற்கும்போது குளியலறையிலிருந்து முனகலாக ஒரு பாட்டு வரும், கல்யாணமான புதிதில் அவன் பாடுவானே, அதே பாட்டு, அதே இடத்தில் சுதி தப்பும். வேலைக்குப் போடும் சட்டை துவைத்துக் கொடியில் தொங்கும். வீட்டில் சோப்பு வாசனை. மகள் முகத்தில் சிரிப்பு. அவள் ஒரு தடவைகூடக் கதவைத் தட்டி யார் என்று கேட்கவில்லை. வெட்கங்கெட்டவள், அந்த வாரம் கடையில் நல்ல சோப்பாகப் பார்த்து ஒன்று வாங்கி வைத்தாள்.

படுக்கையறையில் கிடப்பவனோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தான். உதடு வெடித்தது. கையைத் தொட்டால் காகிதம் மாதிரி சரசரத்தது. எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் போதவில்லை. எழுந்து வரத் தெம்பில்லாமல் ஸ்பேனரை எடுத்துச் சுவரில் தட்டுவான். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. அந்தப் பக்கம் குழாய் திறந்தால் இந்தப் பக்கம் தட்டு கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் எடுத்த வாந்தியில் ரத்தம் இருந்தது. இனி மறைத்தால் ஆள் போய்விடும். அவனுடைய அக்கா நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நர்ஸ் வேலை, காரும் இருக்கிறது. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், இவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மகளை நாத்தனார் வீட்டில் விட வேண்டும். நாலே வார்த்தை போதும். அவர் தினமும் குடிக்கிறார் அண்ணி. கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள்.

வெளியே மழை இருட்டு. பெல் அடித்தது.

மகள் இடத்தை விட்டு அசையவில்லை. குழாய் தானாகத் திறந்துகொண்டது.

நாத்தனார் உள்ளே வந்தாள். குடையை மடக்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா, இளைச்சிட்டே. உண்மையைச் சொல்லு. என் தம்பி எங்க?"

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கடவுளே, சொல்லத்தான் திறந்தாள்.

"குளிச்சிட்டிருக்கார், அண்ணி."

குரல் தேனாக வந்தது.

"வரட்டும். இன்னிக்குப் பார்க்காம போறதா இல்ல," என்று நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

குழாய் நின்றது.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். குளிக்கிறார் என்று அவள் சொன்ன பிறகு, இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கேட்காத சத்தம். கதவு மெதுவாகத் திறந்தது. சோப்பு வாசனை முதலில் வந்தது, பின்னால் அவன் வந்தான். தலை சீவி, துவைத்த சட்டை போட்டு, கண் தெளிவாக. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது.

"அடடே, வா அக்கா!"

நாத்தனார் எழுந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்டா. நல்லாத்தானே இருக்கே! கைதான் இப்படி ஜில்லுன்னு..."

டொக். டொக். டொக்.

படுக்கையறைச் சுவர்.

"யாரு உள்ள?" என்றாள் நாத்தனார்.

டொக். டொக். டொக். தண்ணி, என்றது ஒரு குரல். குரலா அது? காய்ந்த சருகு.

குளித்து வந்தவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை. மிரட்டவில்லை. வேலைக்காரன் முதலாளியம்மாவைப் பார்க்கிற மாதிரி, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பணிவாகக் காத்திருந்தான். அவன் காலடியில் ஈரம் பரவியது. இப்போதும் முடியும். ஒரு வார்த்தை. அறைக் கதவு மூன்றே எட்டில் இருந்தது.

"பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்க, அண்ணி."

தட்டு நின்றது. அப்புறம் வரவே இல்லை.

அவள் தலைக்குள் எதுவோ, கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி, கீழே போய்க்கொண்டே இருந்தது. கொன்றுவிட்டாய். நீதான். ஆணி என்றாயே. நாத்தனார் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவனும் பேசினான். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஈரமான கை ஒன்று அவள் விரலைப் பிடித்தது. குனிந்து பார்த்தாள். மகள்.

சின்ன விரல்கள். வெளுத்து, நுனியெல்லாம் சுருங்கி. நாள்கணக்கில் தண்ணீரில் ஊறின மாதிரி.

"அம்மா, நான் போறேன்," என்றாள் வாண்டு காதோரமாக. "யாராவது கேட்டா சொல்லிடு."

"எங்கடி? நில்லு. நில்லுடி!"

கத்தியதாகத்தான் நினைத்தாள். சத்தம் வரவில்லை. கை மீனாக வழுக்கிக்கொண்டு போனது. குட்டிக் காலடிகள் தரையில் ஈரமாக விழுந்துகொண்டே போயின. குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

குழாய் திறந்தது.

நாத்தனார் பையிலிருந்து ஒரு சாக்லெட்டை எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். "எங்க நம்ம வாண்டு? நான் வந்ததிலேருந்து பேசவே இல்லையே."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுத்தினாள். பல் உதட்டில் குத்தி உப்புக் கரித்தது. விரல்களுக்கு நடுவே, தெளிவாக, தேனாக, அந்தக் குரல் வந்தது.

"குளிச்சிட்டிருக்கா, அண்ணி."