ரோசியும் பன்னிரண்டு போத்தல்களும்

பக்கத்து வீட்டு ரோசியை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ரோசி ஓர் ஆடு. ஆனால் அது தன்னை எங்கள் வீட்டு விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

பள்ளித் தவணை முடிவதற்குள் ஒவ்வொருவரும் வீட்டில் பன்னிரண்டு மூலிகைச் செடி வளர்க்க வேண்டும், வந்து பார்ப்பேன் என்று சிவரூபி ரீச்சர் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு என்ன, பெரிய வளவு இருக்கிறது. நாங்கள் கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் முற்றத்தில் பக்கவாட்டாகத்தான் நடக்கலாம்.

"உன்னால ஏலாது, யதுர்ஷிகா," என்று சுஜிதன் வகுப்புக்கே கேட்கச் சொன்னான். அதற்காகவே செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது.

நிலம் இல்லாவிட்டால் என்ன, மதில் இருக்கிறதே. வெறும் சோடாப் போத்தல்களில் ஒரு பக்கத்தை வெட்டி, மண் நிரப்பி, ஒன்றின் கீழ் ஒன்றாக மதிலில் கட்டித் தொங்கவிட்டேன். நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. வல்லாரை, பொன்னாங்காணி, துளசி, கற்பூரவள்ளி எல்லாம் நட்டேன். மேல் போத்தலில் ஊற்றிய தண்ணீர் ஓட்டை வழியே கீழ்ப் போத்தல் வரை சொட்டியது.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் கீழ் இரண்டு வரிசையும் மொட்டை. ரோசி வாயை அசைத்தபடி நின்றது.

மறுபடி நட்டேன். மறுபடி தின்றது. படலையை இறுக்கிக் கட்டினேன், கீழால் புகுந்தது. மேல் வரிசைக்குத் தண்ணீர் ஊற்றக் கதிரையில் ஏறுவேன். அதை உள்ளே எடுக்க மறந்த ஒரே ஒரு நாள், ரோசி கதிரையில் ஏறி நின்று துளசியை மென்றது. என்னைக் கண்டும் இறங்கவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

நேரே கமலேஸ்வரி அன்ரியிடம் போனேன். அவர்தான் ரோசியின் சொந்தக்காரி.

"கட்டினால் கத்துது, பிள்ளை. பாவம்."

"என்ர செடியள் பாவமில்லையோ, அன்ரி?"

அன்ரிக்கு உண்மையிலேயே கவலைதான். ஆனால் ரோசி ஏற்கனவே இரண்டு கயிற்றைத் தின்றுவிட்டதாம்.

அப்போதுதான் கவனித்தேன். அன்ரியின் முற்றத்தில் ஒரு புல் மிச்சமில்லை. செவ்வரத்தை வெறும் தடியாக நின்றது. வேலியோரத்தில் ஒரு செடி மட்டும் ஓர் இலை குறையாமல் செழித்து நின்றது. ரோசி அதன் நிழலில்தான் படுத்திருந்தது.

"அது என்ன செடி, அன்ரி?"

"ஆடாதோடை. இருமலுக்கு அவிச்சுக் குடிக்கிறது."

ஆடாதோடை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஆடு தொடாத இலை! பாடப் புத்தகத்தில் எத்தனை தடவை வாசித்த பெயர். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஆறு கொப்பு கேட்டேன். ஆருக்கு இருமல் என்று அன்ரி பதறினார். ஒருவருக்கும் இல்லை, ரோசிக்குத்தான் என்றேன்.

கீழ் இரண்டு வரிசையிலும் ஆடாதோடையை ஊன்றினேன். மேலே மற்றவை. கதிரை குசினிக்குள். ரோசி வந்து மணந்து பார்த்தது, தும்மியது, திரும்பிப் போனது. நான்கு கிழமையில் கொப்புகள் துளிர்த்தன.

தவணைக் கடைசியில் ரீச்சர் வந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பன்னிரண்டும் இருந்தன. அவர் மேல் வரிசையை அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டிருக்க, பின்னால் ரோசி அவருடைய பையிலிருந்து ஒரு கடதாசியை இழுத்து மென்றது. அன்ரி ஓடி வந்து பாதியை மீட்டார்.

ரீச்சர் சிரித்தபடி ஓர் ஆடாதோடைக் கொப்பை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு சுஜிதன் வீட்டுக்குப் புறப்பட்டார். நான் இன்னொரு கொப்பை முறித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"இதைச் சுஜிதனிட்டைக் குடுங்கோ, ரீச்சர். ரோசி உங்களுக்குப் பின்னால வருது."