தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மூன்று நிறம்

எனக்குப் பயத்தைப் பிடிக்காது. பயத்துக்குத்தான் என்னை ரொம்பப் பிடிக்கும். அன்று இருட்டியபின் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது, அது என்னை வசமாகப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, அங்க பாரு!" என்றான் தம்பி. ஆள் சிறிசு, பேச்சு சுருக்கென்று குத்தும். அதனால் வீட்டில் அவன் பெயர் குண்டூசி.

தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே ஒரு வெளிச்சம். சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி மின்னியது. அதற்கும் மேலே மூன்று நட்சத்திரங்கள் எங்கள் கொடிக்கயிற்றைத் தொட்டபடி வரிசையாக நின்றன.

"விமானம்டா."

"விமானம்னா நகரணும்ல?"

நூறு வரை எண்ணினேன். அந்த வெளிச்சம் நகரவே இல்லை.

"அம்மா வேலை முடிஞ்சு அந்த வழியாத்தானே வருவாங்க?" குண்டூசி என்னை ஒட்டிக்கொண்டான். "அது அம்மாவைப் பிடிச்சுக்கிட்டா?"

துணியைப் போட்டுவிட்டு ஓடினோம். கீழேதான் அப்பாவின் இஸ்திரிக் கடை. கரி கனலும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு மேலாக எதிர்க்கடை விளக்கு தெரிந்தது. அது நெளிந்து நெளிந்து ஆடியது!

ஓரடி தள்ளி நின்றேன். விளக்கு ஆடாமல் எரிந்தது. மறுபடி பெட்டிக்கு நேராக வந்தேன். ஆடியது.

"என்னம்மா, கடைக்குள்ள டான்ஸா?" என்றார் அப்பா.

விளக்கு ஆடவில்லை, சூட்டில் காற்றுதான் ஆடுகிறது. மேலே மின்னுவதும் அப்படித்தானோ?

"வாடா, இன்னொரு தடவை பார்க்கலாம்."

"மாட்டேன். இந்த விளக்கு கலர் மாறலையே!"

குத்திவிட்டான். அவனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைக்கவே அரை மணி ஆனது. என் சட்டையைப் பிடித்தபடி வந்தான்.

வெளிச்சம் இன்னும் மேலே ஏறியிருந்தது!

"நம்மகிட்ட வருது!" என்று அலறினான்.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அம்மா? பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன். அந்த மூன்று நட்சத்திரங்களும் கயிற்றைத் தாண்டிப் போயிருந்தன.

"இது மட்டும் ஏறலைடா. எல்லாம் சேர்ந்துதான் ஏறுது. இதுவும் நட்சத்திரம்தான்."

அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தோம். மேலே ஏற ஏற அதன் துடிப்பு குறைந்தது. கடைசியில் பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

"தாழ இருக்கறப்ப நடுவுல நிறையக் காத்து. அதுல ஆடித்தான் கலர் கலரா தெரிஞ்சிருக்கு" என்றேன். ஆனாலும் அம்மா வரும்வரை என் கண் தெருவிலேயே இருந்தது.

படியில் தடதடவென்று சத்தம். அம்மாதான்! மூச்சு வாங்கியது.

"ரெண்டு பேரும் பத்திரமா இருக்கீங்களா? நான் கிளம்பறப்ப வானத்துல ஏதோ கலர் கலரா மின்னுச்சு. வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னாலயே வந்துச்சு. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடி வரேன்!"

குண்டூசி அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"பயப்படாதீங்கம்மா. அது வெறும் நட்சத்திரம்தான்" என்றான்.

என் சட்டையை மட்டும் அவன் இன்னும் விடவில்லை.