சூளை மேட்டில் ஆட்கள்

"எங்க அண்ணனை எதுக்குய்யா அங்க படுக்க வச்சீங்க?"

"எந்த அண்ணன்? நான் இன்னும் ஆளே போடலைம்மா. ஆறு, புகை, சூளை எல்லாம் காய்ஞ்ச பிறகுதான் மனுசங்களைப் போடுவேன். என் தொழிலை எனக்கே சொல்லித்தராதீங்க."

ஹெஸ்டர் வீட்டு மாடியில் குடியிருந்த ஓவியர் பெல்ஹாம் கத்தியது செவர்ன் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். கேள்வி கேட்டவள் ஹெஸ்டர்; என் சன்னல் அவள் சமையலறைக்கு நேரெதிர். காதை மூடிக்கொள்ள நான் என்ன பாதிரியாரா?

அவள் அண்ணன் ஜேபஸ் ஆற்றோரம் கயிறு கட்டிப் படகு இழுப்பவன். குளிர்காலத்தில் காணாமல் போனான். "மச்சான் பிரிஸ்டல் படகுல ஏறிட்டான். வீட்டை உனக்கே விட்டுட்டான்" என்று அவள் புருஷன் ஏனாக் சொன்னான். கடிதம் வருமென்று அவளும் காத்திருந்தாள்.

இப்போது, பெல்ஹாம் வரைந்து அவள் அடுப்புக்கு மேலே காய வைத்த படத்தில், சுண்ணாம்புச் சூளையின் விளிம்பில், நகக்கண் அளவில் ஒருவன் படுத்திருந்தான். கழுத்தில் ஜேபஸ் கட்டுகிற அதே சிவப்புத் துணி. பெல்ஹாம் அந்த உருவத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பகலிலேயே புகை வானத்தை மூடியிருந்தது. இரும்பாலைச் சம்மட்டி விழும்போதெல்லாம் தட்டுகள் அலமாரியில் நடுங்கின; படத்துச் சாயத்தின் ஆளி எண்ணெய் வாசத்துக்குள் சுட்ட சுண்ணாம்பின் நெடி எங்கிருந்தோ கசிந்து அவள் தொண்டையில் ஒட்டியது. ஹெஸ்டர் மெழுகுவத்தியைப் படத்தருகே உயர்த்தினாள். படுத்தவன் மறுபடி இருந்தான். பக்கத்தில் இன்னொருவன் நின்றான்.

சூளை மேடு கதகதப்பானது. குளிருக்கு அங்கே படுப்பவன் சூளை விடும் நச்சுக்காற்றை மூச்சிழுத்து எழாமலே போவான். அவனை உதைத்து எழுப்பி விரட்டுவதுதான் சூளைக்காரனின் முதல் வேலை. ஏனாக் சூளைக்காரன்.

மூன்றாம் நாள் நின்றவன் குனிந்திருந்தான். எழுப்பவில்லை. படுத்தவன்மேல் தன் கோட்டைப் போர்த்திக்கொண்டிருந்தான். பழுப்புக் கோட்டு. முழங்கையில் நீல ஒட்டு. ஹெஸ்டர் தன் புருஷனுக்குக் கையால் தைத்தது.

நேரே என்னிடம்தான் ஓடிவந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா." நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவள் ஏனாக்கின் தங்கை என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மாலை ஏனாக்கின் குரல் சன்னல் வழியே வந்தது. அதட்டல் இல்லை.

"ஊரெல்லாம் என் கோட்டைப் பத்திப் பேசுறியாமே புள்ள?"

ஹெஸ்டர் எதிர்ச் சன்னலில் இருந்த என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அது சூளையில எரிஞ்சுபோச்சுன்னு அப்பவே சொன்னேனே. கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? வா. சூளை மேட்டுல கதகதன்னு இருக்கும்."

கதவு. இரண்டு ஜோடிக் காலடி. சம்மட்டி. பிறகு சம்மட்டி மட்டும்.

அண்ணனைத் தேடி அவள் பிரிஸ்டல் போய்விட்டதாக ஏனாக் சொன்னான். ஊர் தலையாட்டியது, நானும் ஆட்டினேன். பெல்ஹாம் லட்லோ பக்கம் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு போனார். படத்தைக் கேட்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஏனாக் படகுக்காரரின் மகள் பிரிசில்லாவைக் கல்யாணம் செய்தான். இருபது வயது, எதற்கும் சிரிப்பாள். கேக் கொடுக்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன்.

"அழகான படம்ல அக்கா? ஆளுங்கதான் ரொம்பக் குட்டி" என்றாள்.

சூளை விளிம்பில் ஒரே பழுப்புக் கோட்டின் கீழ் அண்ணனும் தங்கையும் படுத்திருந்தார்கள். ஹெஸ்டர் கொஞ்சம் நகர்ந்து, இன்னொருத்திக்கு இடம் விட்டிருந்தாள்.