பின் இடது சக்கரத்துக் காற்று

எங்கள் இணையின் காலம் முடிய இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நான் ஸ்பேனரையும் டியூபையும் பையில் போட்டுக்கொண்டு ரூபனின் ஷெட்டுக்கு நடந்தேன்.

வால்பாறையில் மழை விட்டிருந்தது. சாலையில் தானோடிகள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன் இருக்கையிலும் ஒரு மனிதர். வண்டி தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். அவர் பிரேக் பெடலின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். அதுதான் அவர் வேலை. ரூபனுக்கும் அதுதான் வேலை.

நான் பிறப்பதற்கு முன்பு ஒரு பொய்ச்சைகை எல்லாத் தானோடிகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வழி காலி என்றது. எந்த வண்டியும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு, பிரேக்கை மட்டும் கணினி தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. எண்ணெய், குழாய், ஒரு மனிதக் கால். அந்த எண்ணெயில் சேரும் காற்றை எடுப்பதும் மனிதர்கள்தான், அதுவும் இருவர். மேலே உட்கார்ந்து பெடலை அமுக்குகிறவர் மிதிப்பவர். அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூடுகிறவர் திறப்பவர். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை ஏர் எடுத்த பிறகு, முதல் இறக்கத்தில் அந்த இருவரும் மட்டுமே வண்டியில் போக வேண்டும். வேலையில் பிழை இருந்தால் அது அவர்கள் தலையில்தான் விடியும்.

இந்த இருவர் இணைக்கு ஆயுள் மூன்று வருடம். இருவரும் உறவாக இருக்கக் கூடாது, கணவன் மனைவியாகவும் கூடாது. உறவுக்காரர்கள் ஒருவர் தவறை மற்றவர் மறைப்பார்கள் என்பது சட்டத்தின் எண்ணம். ரூபனும் நானும் உறவில்லை. நான் தேயிலை ஆய்வகத்தில் ஈரப்பதம் அளப்பவள். ஒரு திறப்பவர் வேண்டும் என்று அவர் கேட்டபோது, யாரும் கை தூக்காததால் நான் தூக்கினேன். வேறு இடங்களில் நாங்கள் அதிகம் பேசியதில்லை. இணை தொடர வேண்டுமானால், இன்று அடிவாரச் சாவடியில் அவர் என் பெயரை மறுபடி சொல்ல வேண்டும். சொல்வாரா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பிரேக் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்குங்க அல்லி," என்றார் ரூபன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்ப இருந்து?"

"காலையிலதான் பார்த்தேன்."

"நேத்து?"

"நேத்து மத்தியானத்துக்கு மேல வண்டி எடுக்கலைங்க."

முன் இருக்கையில் ஏறினேன். முழங்கால் முன்பலகையில் இடித்தது. ரூபன் என்னைவிட ஒரு சாண் உயரம். அவர் உட்காரும் இருக்கையில் எனக்கு எப்போதும் கால் எட்டாது. யாரோ இருக்கையை முன்னால் இழுத்திருந்தார்கள்.

பெடலை அமுக்கினேன். பாதி தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போயிற்று. விட்டு விட்டு வேகமாக மிதித்ததும் மேலே ஏறி இறுகியது. காலை எடுத்துச் சற்றுப் பொறுத்து அமுக்கினால் மறுபடி பஞ்சு. காற்று இருந்தால் அப்படித்தான். இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அமுக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். பெடல் கீழே இறங்கவில்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டரில் பழுதில்லை. ரூபனை அமுக்கச் சொல்லிவிட்டு ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தேன். எதுவும் உப்பவில்லை. சக்கரங்களில் கசிவில்லை. எண்ணெய் அளவு சரியாக இருந்தது.

எண்ணெயின் நிறம்தான் சரியாக இல்லை. மூன்று மாதம் இந்த மலையில் ஓடிய எண்ணெய் தேன் நிறத்துக்கு வந்துவிடும். இது எலுமிச்சைச் சாறுபோல் வெளிறியிருந்தது. ஈரமானியை விட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. டப்பா திறந்து ஒரு நாள்கூட ஆகாத எண்ணெய்.

நான் வருவதற்கு முன்பே இந்த வண்டிக்கு யாரோ ஏர் எடுத்திருக்கிறார்கள்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நான் படுக்கும் அட்டையைத் தேடினேன். அது சுருட்டி மூலையில் இருந்தது. விரித்தேன். என் குதிகால் பட்டுத் தேய்ந்த இடத்துக்கு வெகு கீழே புதிதாக இரண்டு குதிகால் தடங்கள். ரூபனுடையவை.

முதல் வருடம் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அடியில மட்டும் என்னைப் படுக்கச் சொல்லாதீங்க. மூச்சு முட்டும்." மூன்று வருடம் நான்தான் படுத்தேன். என் தலைமுடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறது. ஒரு முறை கண்ணில்கூட.

"மேல உக்காந்து மிதிச்சது யாரு?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட அமைதியாக இருந்தது.

அவர் துணியில் கையைத் துடைத்தார். கையில் அழுக்கே இல்லை.

"அஞ்சடிகூட இருக்க மாட்டாங்க. பழக்கம் இல்லாதவங்க. எங்கியோ ஒரு சக்கரத்துல தப்பு பண்ணிட்டாங்க. சரியா?"

"மெர்லின்," என்றார்.

பேக்கரி மெர்லின். அவள் சிரித்தால் பஸ் நிறுத்தம்வரை கேட்கும்.

"நான் திருகை மூடறதுக்குள்ள காலை எடுத்துட்டா. காத்து உள்ள போயிருக்கும் போல."

எடுத்துட்டா. என்னிடம் மூன்று வருடமாக 'ங்க' போட்டுப் பேசுகிறவர்.

"அடியில படுத்தா மூச்சு முட்டும்னீங்க."

"முட்டுச்சுங்க."

"அப்புறம்?"

"பழகிக்கணும்ல. மெர்லினுக்குத் திருகைத் தொடத் தெரியாதுங்க."

ஏன் என்று கேட்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. கேட்டால் பதில் தெரிந்துவிடும். நான் அட்டையில் படுத்து வண்டிக்கு அடியில் போனேன்.

பின் இடது சக்கரம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் அதில்தான் தொடங்குவோம். டியூபைத் திருகில் மாட்டி, மறுமுனையை எண்ணெய்ப் புட்டியில் விட்டேன்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"பிடிங்க."

திருகைத் திறந்தேன். டியூபில் குமிழிகள் வந்தன. பெரியவை, கொத்துக் கொத்தாக. மூடினேன்.

"விடுங்க."

மெர்லின் உள்ளே விட்ட காற்று அது. ஒவ்வொரு குமிழியாக வெளியே தள்ளினேன். இத்தனை சந்தோஷமாக நான் எந்தச் சக்கரத்திலும் ஏர் எடுத்ததில்லை. குமிழி நின்று வெறும் எண்ணெய் வந்தது. அதன் பிறகும் அமுக்கச் சொன்னேன்.

"இன்னும் வருதாங்க?"

"வருது," என்றேன்.

வரவில்லை. அவர் குரல் வேண்டியிருந்தது. நாளை முதல் இந்த இடத்திலிருந்து அதைக் கேட்க முடியாமல் போகலாம்.

நான்கு சக்கரமும் முடிந்து, இறங்கத் தொடங்கினோம். வண்டி தானே வளைவுகளைத் தேடித் திரும்பியது. ரூபனின் கால் பெடலில் இருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் அமுக்கியதும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

"கல்லு மாதிரி இருக்குங்க," என்றார்.

நான் சன்னல் பக்கம் பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு வரையாடு நின்று மென்றுகொண்டிருந்தது.

"மெர்லின் முன்னாடியே பஸ்ல போயிட்டா. சாவடியில நிப்பா."

"எதுக்கு?"

"ஆவுடையம்மா கேப்பாங்கல்ல. ஆள் நேர்ல இருக்கணும்."

ஆக முடிவாகிவிட்டது. மடியில் இருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்தேன். "என் வேலையில குறை இருந்தா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்."

"குறையா? உங்ககிட்டயா?" அவர் கால் தானாக அழுந்தி வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த தானோடி ஒதுங்கிப் போயிற்று. அதில் இருந்த பெரியவர் கையை ஆட்டித் திட்டினார்.

ரூபன் பெடலையே பார்த்துப் பேசினார். "வண்டி நிக்கணும்லங்க. அதுக்கு முதல்ல ஒரு ஆளைப் புடிச்சிட்டு, அப்புறம் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"எதைக் கேக்க?"

அவர் காதின் பின்புறம் சிவந்திருந்தது. இரண்டு வளைவு தாண்டி, "ரெண்டுமா ஒருத்தரே இருக்கறதுக்குச் சட்டம் விடாதுல்லங்க," என்றார். அதற்கு மேல் அடிவாரம்வரை வளைவுகளை மட்டும் பார்த்தார்.

அவர் கேட்க இருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. முதலில் வெயில் பட்டதுபோல் இருந்தது. ஆனால் சாவடி வாசலில் மெர்லினைக் கண்டதும் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

"அக்கா!" என்று ஓடி வந்தாள். "ரூபண்ணன் அடியில படுத்துக்கிட்டு எல்லாச் சாமியையும் கூப்பிடறாரு. நான் சிரிச்ச சிரிப்புலதான் காலு எந்திரிச்சிருச்சு. கோவிச்சுக்காதீங்க."

மூன்று வருடத்தில் எங்களில் யாரும் அந்த வேலையின்போது சிரித்ததில்லை.

உள்ளே ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் நினைவர். பிரேக் பற்றிய எதையும் எழுதக் கூடாது, அனுப்பக் கூடாது. நேரில் சொல்லி ஒரு மனித மனத்தில் வைக்க வேண்டும். மலையில் ஓடும் எல்லா வண்டிகளின் இணைகளும் அவர் தலைக்குள்தான் இருந்தன.

"ரூபன், அல்லி. வால்பாறை. மூணு வருசம்," என்றார் கண்ணை மூடியபடி. "தொடருதா, மாறுதா?"

"மாறுதுங்கம்மா."

"யாரு வாரா?"

"நாந்தான்," என்றாள் மெர்லின்.

"அல்லி ஏன் போறா? பகையா, நோவா, ஊர் மாத்தமா? என்னவா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லணும். சொல்லலைன்னா பழைய இணைதான் தொடரும்."

ரூபன் தன் நகங்களைப் பார்த்தார். மெர்லின் அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். அவர் இருமினார்.

நான் சும்மா இருந்தால் போதும். இன்னும் மூன்று வருடம் அட்டையில் படுப்பேன். "அமுக்கிட்டேன்" என்ற குரலைக் கேட்பேன். முதல் இறக்கத்தில் அவர் பக்கத்தில் இருப்பேன். பிரேக் போனால் நாங்கள் சேர்ந்து போவோம்.

பேசினால் அதெல்லாம் இவளுக்கு. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை நான் வீட்டில் இருப்பேன். அவர் மூச்சு முட்ட அடியில் படுத்து, 'அமுக்கு' என்பார். இவள் சிரிப்பாள். இருவரும் அந்த வளைவுகளில் இறங்குவார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமை போகப் போவதில்லை. ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

"ஏட்டி, வெரசாச் சொல்லு," என்றார் ஆவுடையம்மாள். "வெளிய ஆளுக நிக்குது."

மெர்லினைப் பார்த்தேன். "இனிமே திருகு மூடியாச்சுன்னு அவர் சொன்ன பிறகுதான் காலை எடுக்கணும். சிரிப்பு வந்தாலும்."

அவள் தலையாட்டினாள். இப்போது சிரிக்கவில்லை.

ரூபன் இன்னும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார் போலிருந்தது. நான் நினைவர் பக்கம் திரும்பினேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நானும் ரூபனும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."