கொன்றது என் ஆக்சில்!

போன் அலறியது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த மாஸ்டர், க்ரீஸ் கையோடு ஊர்ந்து வெளியே வந்து எடுத்தார்.

"மாஸ்டர்! உங்க மாப்பிள்ளை வண்டி... மலை ரோட்ல இருந்து உருண்டு ஆத்தோரமா கிடக்கு!"

"மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

"ஆளையே காணோம். ஆத்துல வேற வெள்ளம் போகுது. போலீஸ் தேடிட்டிருக்கு..."



மாப்பிள்ளை என்றால் ஒரே தங்கையின் கணவன். அவன் ஓட்டும் பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கின் முன்பக்கத்தைப் போன வாரம்தான் மாஸ்டர் அடியோடு மாற்றியிருந்தார். தனித்தனியாகத் தொங்கிய முன் சக்கரங்கள் குவாரிப் பாதைக் கல்லில் அடிக்கடி உடைந்தன. அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வண்டியின் அடிச்சட்டத்தில் பட்டை வெல்டிங் செய்து, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே இரும்புத் தண்டாக ஒரு சாலிட் ஆக்சில் மாட்டியிருந்தார்.

ஸ்டியரிங் ராடும் புதுசு. ராடின் முனையில் ஒரு நட்டு. அந்த நட்டு கழலாமல் இருக்க, குறுக்கே ஒரு காட்டர் பின். விரல் நீளம்கூட இல்லாத கம்பி.

அதைப் போட்டேனா?

போட்ட ஞாபகம் இல்லை!

அன்றைக்குக் கஸ்டமர் நாலு பேர் வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தார்கள். 'சாலிட் ஆக்சில் மாத்தறதுக்கு என்னை விட்டா இங்க ஆள் யாரு?' என்று பீற்றிக் கொண்டது மட்டும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது.

பைக்கை எடுத்தார். தங்கையின் தெருமுனை வந்தது. அவள் வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது.

மாஸ்டர் அந்தத் தெருவுக்குள் திரும்பவில்லை.

நேராக ஆற்றுக்குப் போனார்!

டிரக் பாறைகளுக்கு நடுவே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. போலீஸ்காரர்கள் எல்லோரும் தண்ணீர் ஓரமாகக் கழியோடு அலைந்து கொண்டிருந்தார்கள். மாஸ்டர் பாறைக்குப் பின்னால் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்.

ஸ்டியரிங் ராட் கழன்று தனியே தொங்கியது. நட்டு இல்லை. பின்னும் இல்லை.

"அடப்பாவி..." தன்னைத்தானே திட்டிக் கொண்டார். "கொன்னுட்டியேடா..."

அடுத்து செய்ததை நினைத்தால் பிற்பாடு அவருக்கே கூசியது.

ஒர்க்‌ஷாப் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் கிடக்கும் உதிரிகளிலிருந்து ஒரு நட்டை எடுத்தார். ராடைத் தூக்கி மாட்டினார். முறுக்கினார். புத்தம் புது காட்டர் பின்னைச் செருகி, முனையை மடக்கினார்.

"நல்லா மடக்கிட்டீங்களா?"

பெண் குரல்!

திரும்பினார். இன்ஸ்பெக்டர். இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"வண்டி முழுக்கச் சேறு. இது மட்டும் நகைக்கடையில வாங்கின மாதிரி மின்னுது. யாருய்யா நீங்க?"

மாஸ்டர் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்.

"மேடம்... நான்தான் மெக்கானிக். பின் போட மறந்துட்டேன். என் தங்கச்சி புருஷனை நானே..."

"மறந்தது சரி. இப்ப என்ன பண்ணீங்க?"

"மறைக்கப் பார்த்தேன்."

தலை நிமிரவே இல்லை.

இன்ஸ்பெக்டர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, டிரைவர் பக்கம் இழுத்துப் போனார்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். இந்தச் சின்ன லீவர் எதுக்கு?"

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக் கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம்... இது லோ ரேஞ்ச்ல கிடக்கு! பெரிய கியரும் ஃபர்ஸ்ட்ல!"

"அதனால?"

"தார் ரோட்ல இதை யாரும் போட மாட்டாங்க. பாறை ஏறத்தான் போடுவாங்க. வண்டி ஓடாது... ஊரும்."

"ஆக்சிலேட்டரை மிதிக்கலைன்னா?"

"மிதிக்கலைன்னாலும் ஊரும். கிழவனுங்க வாக்கிங் போற வேகம்தான்..."

சொல்லிக் கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"மேல ரோட்ல பிரேக் தேய்ச்ச தடமே இல்ல. அப்பவே எனக்கு இடிச்சுது. அந்த வேகத்துல போற வண்டியில இருந்து இறங்கி, டாட்டா காட்டிட்டே போயிருக்கலாம். வாங்க ஸ்டேஷனுக்கு. ஆத்துல தேடினா ஆள் கிடைக்க மாட்டான். பஸ் ஸ்டாண்டுல தேடணும்!"

ஸ்டேஷன் பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய முகம். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"அண்ணா! எங்க போனே நீ? எல்லாரும் வந்துட்டாங்க, உன்னை மட்டும் காணோமேன்னு..."

மாஸ்டர் அவள் காலைப் பார்த்தபடி சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். பீற்றிக் கொண்டது, மறந்தது, நட்டு, புதுப் பின்... எதையும் விடவில்லை.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"என் வீட்டைத் தாண்டித்தானே போயிருப்பே?"

"ஆமா பாப்பா."

"நான் செத்தேனா பொழைச்சேனான்னு பார்க்கத் தோணல. உன் பேரைக் காப்பாத்திக்கத் தோணுச்சு. இல்ல?"

 பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போல இருந்தது மாஸ்டருக்கு.

வெளியே ஜீப் சத்தம்!

இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒருவனைத் தள்ளிக் கொண்டு வந்தார்கள். புதிதாக மழித்த மீசை. இஸ்திரி கலையாத சட்டை. பின்னால் பெட்டியும் கையுமாக ஒரு பெண்.

மாப்பிள்ளை!

தங்கை 'ஐயோ' என்று முன்னால் பாய்ந்தாள். பெட்டி வைத்திருந்த பெண்ணைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே நின்றாள்.

"கல்யாணமே ஆகலைன்னு சொன்னாரு..." அந்தப் பெண் முணுமுணுத்தாள்.

மாப்பிள்ளை சட்டென்று குரலை உயர்த்தினான்.

"மேடம்! இந்த மாஸ்டரை முதல்ல உள்ளே தள்ளுங்க! ஸ்டியரிங்ல பின்னே போடல. ராட் கழண்டு வண்டி பறந்துச்சு. எகிறிக் குதிச்சேன். அதிர்ச்சியில எங்க போறோம்னே தெரியாம..."

"பஸ் ஏறிட்டீங்க. மீசைகூட அதிர்ச்சியில விழுந்துடுச்சோ?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ஒரு சின்ன சிக்கல். ராட் கழலல. நட்டு இருக்கு. பின்னும் இருக்கு. என் கண்ணால பார்த்தேன்."

"இருக்க முடியாது!"

"ஏன்?"

"மேடம், அதான் மாஸ்டர் போடலையே!"

"பளபளன்னு இருக்குங்கறேன். ரெண்டு முனையும் அழகா மடக்கி விட்டிருக்கு."

மாப்பிள்ளைக்குச் சூடு ஏறியது.

"பொய்! மடக்கின முனையை பிளையரால நிமிர்த்தி உருவினதே நான்தான்! நட்டைக்கூட ஆத்துலதான்..."

நிறுத்தினான்.

ரொம்ப லேட்!



மாஸ்டர் மெல்லச் சுவரில் சாய்ந்தார். அப்படியென்றால் அன்றைக்குப் பின்னைப் போட்டிருக்கிறார்! வேலை சுத்தம். ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்க மறுத்தது. அந்தத் தெருமுனை... திரும்பாமல் போன அந்த பைக்...

"மாஸ்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க களவாணித்தனம்தான் இவனைப் பிடிச்சுக் கொடுத்துச்சு. அதுக்காக விட்டுட மாட்டேன். தடயத்துல கை வெச்சதுக்கு உங்க மேலயும் கேஸ் உண்டு."

"போடுங்க மேடம்."

முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து சொன்னார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார். கை குவிந்தது. 

தங்கை அந்தக் கைகளைப் பிரித்து விட்டாள்.

"இப்போதைக்கு என்கிட்ட பேசாதே அண்ணா. கோவம் அடங்கினதும் நானே வருவேன்."

"வண்டியையாவது சரி பண்ணித் தர்றேன் பாப்பா..."

அவள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். மீசையில்லாத கணவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"வண்டியைச் சரி பண்ணு... இதை எடைக்குப் போட்டுடு!"